பெர்குசன்: ஒரு பத்திரிகைக் குடும்பத்தின் பெயரும் கொட்டியாரக் குடாவும்

பெர்குசன் என்பது ஸ்கொட்லாந்தில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். பெர்கஸ் என்ற முன்னோர் ஒருவரின் வழிவந்தவர்களைக் குறிக்கும் பெயராக அது தோன்றியது. தெற்காசிய வரலாற்றைப் புரட்டும்போது இப்பெயருடைய, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர் எதிர்ப்படுகிறார்கள். புனே நகரின் பெர்குசன் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் பம்பாய் ஆளுநராக இருந்த சேர் ஜேம்ஸ் பெர்குசன். இந்தியக் கட்டடக்கலையின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் வேறொருவர். இலங்கையின் அச்சுலகில் அப்பெயர் ஒரே குடும்பத்தையே குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கொழும்பில் ‘ஒப்சேவர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்திய குடும்பம் அது.

அக்குடும்பத்தில் நால்வர் முக்கியமானவர்கள். அலஸ்ரெயர் மக்கென்சி பெர்குசன் முதலாமவர். அவருடைய தம்பி வில்லியம், பெறாமகன் ஜோன், சொந்த மகன் டொனால்ட் ஆகியோர் மற்ற மூவர். முதலாமவர் பத்திரிகாசிரியர், தம்பி மரஞ்செடிகளை ஆராய்ந்தவர், ஜோன் புள்ளிவிவரங்களில் மூழ்கியிருந்த பொதுவாழ்வினர், டொனால்டோ பழைய போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்களுக்குள் குடியிருந்த ஆய்வாளர். திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாற்றைத் தேடுவோருக்கு நான்காமவரே பெரிதும் வேண்டப்படுபவர். ஆனால் மற்ற மூவரும் கட்டிய அச்சகம் இல்லாமல் அவருடைய எழுத்து இல்லை.

இலங்கையில் அரசு சாராத ஆங்கிலப் பத்திரிகை 1830-களில் வேர்விட்டது. தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டன் காலத்தில், 1832ஆம் ஆண்டு, அரசாங்க அச்சகத்திலிருந்து ‘கொலம்போ ஜேர்னல்’ வெளிவந்தது. ஈராண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1834 பெப்ரவரியில் கொழும்பு வணிகர்கள் ‘ஒப்சேவர் அன்ட் கொமர்ஷல் அட்வடைசர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அது அயர்லாந்தைச் சேர்ந்த வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட்டின் கைக்கு வந்தது. எலியட் அரசாங்கத்தோடு மோதத் தயங்காதவர். 1848இல் தேசாதிபதி டொரிங்டன் விதித்த புதிய வரிகளுக்கு எதிராகக் கண்டிப் பகுதியில் கிளர்ச்சி மூண்டபோது, அந்த ஆண்டு யூலைத் தொடக்கத்தில் ஒப்சேவரில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயரில் வெளியான கடிதம் பெரிய வழக்காடலுக்குப் பொருளாயிற்று. மக்களை அது தூண்டிவிட்டது என்றது அரசாங்கத் தரப்பு. அந்தக் காலத்தில் எலியட்டின் அலுவலகத்தில் உதவியாசிரியராக இருந்தவர்தான் அலஸ்ரெயர் பெர்குசன்.

அவர் 1816இல் ஸ்கொட்லாந்தின் வடமேற்கே உள்ள ரொஸ் பகுதியில் பிறந்தவர். 1837 நவம்பரில் புதிய தேசாதிபதியாக வந்த ஸ்ருவர்ட் மக்கென்சியின் பரிவாரத்தோடு இலங்கையில் இறங்கினார். பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளில் இது வழக்கமான ஏற்பாடு. தேசாதிபதி தன் ஊர்ப் பக்கத்து இளைஞர்களை அழைத்து வருவார். அவர்கள் ஏதாவதொரு வேலையில் தொற்றிக்கொள்வார்கள். பெர்குசன் 1846இல் ஒப்சேவரில் சேர்ந்தார். எலியட் அரசாங்கத்தின் குடிசார் மருத்துவத் துறைக்குத் தலைவராகப் போனதும் 1859இல் பத்திரிகை பெர்குசனின் சொத்தாயிற்று. அரசாங்கத்தை ஓயாமல் குத்திக்கொண்டிருந்தவரை அரசாங்கமே பதவி கொடுத்து அழைத்துக்கொண்டது. அதனால் காலியான ஆசனத்தில்தான் பெர்குசன் குடும்பம் அமர்ந்தது.

எலியட் காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒப்சேவரின் புகழ் ஓங்கியதற்கு ஒரு காரணம் புறாக்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் நீராவிக் கப்பல்கள் அப்போது கொழும்பைத் தொடுவதில்லை. காலித் துறைமுகத்தில்தான் தங்கும். இலண்டன் பத்திரிகைகள் அங்கே இறங்கி, 72 மைல் தூரத்தைக் குதிரை வண்டியில் கடந்து கொழும்பை அடையவேண்டும். கோப்பி விலை எவ்வளவு என்பதும், போர் மூண்டதா ஓய்ந்ததா என்பதும் அந்தச் சாலையின் வேகத்துக்கே கட்டுப்பட்டிருந்தன. 1850இல் ஒப்சேவர் காலிக்கும் கொழும்புக்கும் இடையே புறா அஞ்சலைத் தொடங்கியது. காலியிலிருந்த முகவர் செய்தியை மெல்லிய தாளில் சுருக்கி எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார். கொழும்பில் அது கூட்டை அடைந்ததும் அச்சுக்கோர்ப்பவர் வேலையைத் தொடங்கிவிடுவார். அதே 1850இல் ஜேர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசல்ஸுக்கும் இடையே பங்குச் சந்தைச் செய்திகளை அனுப்புவதற்கு ரொய்ட்டர் புறாக்களையே நம்பியிருந்தார் என்பதை நினைத்தால், கொழும்புப் பத்திரிகை உலகத்துக்கு எந்த வகையிலும் பின்தங்கியிருக்கவில்லை என்பது புலப்படும். கிரிமியப் போர் நடந்த ஆண்டுகளும் இந்தப் புறாக்காலத்துக்குள்ளேயே அடங்குகின்றன. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

திருகோணமலை இந்தக் கதையில் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தீவிலேயே ஆழமான, புயலுக்கு ஒதுங்கத் தகுந்த இயற்கைத் துறைமுகம் அதுதான். 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் அதைக் கைப்பற்றியதும் அந்தத் தகுதிக்காகவே. ஆனால் அங்கே வந்து தங்கியவை போர்க்கப்பல்கள். தபால் கப்பல் செய்தியை இறக்கும். போர்க்கப்பல் தான் வந்த செய்தியையே வெளியில் விடாது. பத்திரிகை வணிகத்துக்கு அப்படிப்பட்ட துறைமுகத்தால் பயனில்லை.

1859க்குப் பிறகு ஒப்சேவரின் வாசகர் யார் என்ற கேள்விக்கு விடை எளிது: அரசாங்க உத்தியோகத்தர், கொழும்பு வணிகர், மலைநாட்டுத் துரைமார். பெர்குசன் தாமே டிம்புளப் பகுதியில் அபட்ஸ்போர்ட் என்ற தோட்டத்தில் அக்கறை கொண்டிருந்தவர். தோட்டத்துரைகளின் கவலை அவருக்கும் சொந்தக் கவலையாக இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் துருப்பூஞ்சணம் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது இலங்கைக் கோப்பியையே அழித்தது. சிங்கோனா, கொக்கோ, ஏலம், தேயிலை என்று தோட்டக்காரர்கள் ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்த அந்தக் காலத்தில் பெர்குசன் அச்சகம் 1881இல் ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்ற மாத இதழைத் தொடங்கியது. வெப்ப வலயப் பயிர்களைப் பற்றி உலகின் எந்த மூலையில் எது வெளிவந்தாலும் அதை எடுத்துத் தொகுத்துத் தந்த இதழ் அது. யாவாவில் ஒருவர் செய்த சோதனை, பிரேசிலில் ஒருவர் எழுதிய கடிதம், இலண்டன் சந்தை நிலவரம் எல்லாம் அதில் அடுத்தடுத்து வரும். இதே நோக்கில் இறப்பர், வாசனைப் பொருட்கள், தென்னை, புகையிலை, பொன்னும் மணியும் முத்தும் என ஒவ்வொரு பொருளுக்கும் கைநூல்களும் வெளிவந்தன. நிலமும் முதலும் உடையவருக்கான நூல்கள் அவை. யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளருக்கோ மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பவருக்கோ ஆங்கிலக் கைநூல் எதற்கு?

தோட்டத்துரைகளோடு இருந்த உறவின் இன்னொரு விளைவு தமிழ் வாசகருக்கு விசேஷமான ஆர்வம் தரும். ஏ. எம். பெர்குசன் என்ற பெயரில் ‘இங்கே வா! அல்லது சின்னத்துரையின் கைத்தமிழ் வழிகாட்டி’ என்ற சிறுநூல் பெர்குசன் அச்சகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டது. ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்குத் தேவையான தமிழ், ஆங்கில எழுத்தில் அதில் தரப்பட்டிருந்தது. தலைப்பே ஒரு கட்டளை. தமிழ் இலக்கணத்தை எழுதிய ஐரோப்பியர் பலர். பெஸ்கி முதல் போப் வரையான அந்த வரிசை மதபோதகர்களின் வரிசை. பெர்குசனின் நூல் அதில் சேராது. வணக்கத்தில் தொடங்காமல் ஏவலில் தொடங்குகிற தமிழை முதன்முறையாகச் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கித் தந்த நூல்களில் ஒன்று என்றே அதைக் கருதவேண்டும். மலையகத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதுவோர் அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

குடும்பப் பெயரைச் சாகாமல் வைத்திருப்பது பத்திரிகையும் அல்ல, இந்தக் கைநூல்களும் அல்ல. ‘பெர்குசன் டைரக்டரி’தான். 1850-களின் இறுதியில் அலஸ்ரெயர் தொடங்கிய இந்த ஆண்டுத் தொகுதி, தொடக்கத்தில் பஞ்சாங்கத்தோடு சேர்ந்த ஒரு தகவற்கோவை. பிறகு பருத்துப் பெருநூலாயிற்று. அரசாங்கத் திணைக்களங்களும் அவற்றின் உத்தியோகத்தரும், நீதிமன்றங்கள், கச்சேரிகள், வங்கிகள், வணிக நிறுவனங்கள், மிசன் பாடசாலைகள், சுங்கத் தீர்வைகள், ஏற்றுமதிக் கணக்குகள் என்று அது விரியும். அதன் உயிர்நாடி தோட்டப் பட்டியல். மாவட்டம் மாவட்டமாக, ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், உடைமையாளர், முகவர், துரை, மொத்த ஏக்கர், பயிர் செய்யப்பட்ட ஏக்கர், என்ன பயிர் என்பன வரிசையாக அச்சாயின. கோப்பி அழிந்து தேயிலை எழுந்ததை வேறெந்த அரசாங்க அறிக்கையையும்விட இந்தப் பட்டியல்களை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டே தெளிவாகக் காணலாம். ஒரே தோட்டத்தின் பெயருக்கு நேரே ஒரு பதிப்பில் கோப்பி என்றிருக்கும்; அடுத்தடுத்த பதிப்புகளில் கோப்பி சுருங்கச் சுருங்கத் தேயிலை நீளும்.

யாரை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்பது எந்தத் தகவற்கோவைக்கும் உள்ளுறையும் அரசியல். பெர்குசன் டைரக்டரியில் துரைக்குப் பெயர் உண்டு. கங்காணிக்கும் தொழிலாளிக்கும் இல்லை. கீழ் மாகாணத்தின் நிலை வேறு விதம். வறண்ட வலயத்துச் சமவெளியில் கோப்பியும் தேயிலையும் விளையா. தம்பலகாமத்து வயல்களும் கிண்ணியா, மூதூர்க் கரையோரத்து மீன்பிடியும் மாகாணத்துக்குச் சோறு போட்டவை என்றாலும், தோட்டப் பட்டியலையே உயிராகக் கொண்ட ஒரு நூலில் அவற்றுக்கு என்ன இடம் கிடைக்கும்? இன்று பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தம் பாட்டன் பூட்டன் இலங்கையில் எந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தார் என்று தேடுவோர் முதலில் எடுப்பது பெர்குசன் டைரக்டரியை. அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியொரு நூல் கிடையாது.

தம்பி வில்லியம் பெர்குசனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1820இல் பிறந்து 1887இல் இறந்த அவர் பத்திரிகையில் ஆசிரியப் பொறுப்பு ஏற்காமல், செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஊர்வனவற்றையும் சேகரித்து ஆராய்ந்தார். 1850இல் ஒப்சேவர் அச்சகத்தில் அவர் வெளியிட்ட பனைமரம் பற்றிய நூல் இன்றும் மேற்கோளாகிறது. அதுவரை பனையைப் பற்றி எழுதிய ஏறக்குறைய எல்லா நூலாசிரியரின் குறிப்புகளையும் பிற்சேர்க்கையாகத் தொகுத்துத் தந்தது அதன் சிறப்பு. பனையின் பயன்கள் 801 என்று ஒரு தமிழ்ப் புலவர் அடுக்கிய ‘தால விலாசம்’ என்ற நூலைப் பற்றிய செய்தி ஆங்கில வாசகரிடையே பரவியதும் அவருடைய நூல் வழியாகவே. தொகுப்பது என்பது இந்தக் குடும்பத்தின் இரத்தத்தில் ஊறிய வழக்கம்போலும். அண்ணன் ஆட்களைத் தொகுத்தார். தம்பி ஒரு மரத்தைப் பற்றிய சொற்களைத் தொகுத்தார்.

பெறாமகன் ஜோன் பெர்குசன் 1842இல் பிறந்து 1861இல் இலங்கைக்கு வந்தார். 1870-களில் பங்காளியானார், அதிலிருந்து நிறுவனத்தின் பெயர் ‘ஏ. எம். அன்ட் ஜே. பெர்குசன்’ என்றாயிற்று. 1892இல் அலஸ்ரெயர் இறந்தபின் நிறுவனம் ஜோனின் பொறுப்பில் நின்றது. ‘1883இல் இலங்கை’, ‘1893இல் இலங்கை’, ‘1903இல் இலங்கை’ என்று பத்தாண்டுக்கு ஒருமுறை அவர் நாட்டின் கணக்கை எழுதிப் புத்தகமாக்கினார். றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். 1903 முதல் 1908 வரை சட்டநிரூபண சபையில் ஐரோப்பியரின் பிரதிநிதி. 1913இல் இறந்தார். புகையிரதப் பாதை எத்தனை மைல், தந்திக் கம்பி எத்தனை மைல், பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முன்னேற்றத்தை எண்ணிக்கையில் காட்டும் நம்பிக்கை அவருடைய நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அந்த நம்பிக்கை அன்றைய பேரரசு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் எண்ணிக்கையை அவ்வளவு பொறுமையாகச் சேர்த்தவர் குறைவு.

ஜோன் பெர்குசனின் காலத்தில்தான் தீவின் மூன்று துறைமுகங்களின் தலைவிதியும் எழுதப்பட்டது. கொழும்பின் அலைதடுப்பணைக்கு வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பர் 8ஆம் திகதி அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் ஜோன் கூடின் திட்டப்படி அது 1885இல் முடிந்தது. அதற்குள்ளேயே, 1882இல், பி. அன்ட் ஓ. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறிவிட்டன. இயற்கை கொடுத்த துறைமுகம் திருகோணமலை. கல்லைக் கொட்டிச் செய்த துறைமுகம் கொழும்பு. இருந்தும் கொழும்பு வென்றதற்குக் காரணங்கள் வெளிப்படை. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் கிழக்கே போகும் கப்பல்கள் தீவின் மேற்கையும் தெற்கையும் சுற்றியே சென்றன. கண்டியிலிருந்து இறங்கும் புகையிரதம் 1867இலேயே கொழும்பில் முடிந்தது. தேயிலைப் பெட்டிகளைக் காட்டு வழியாகக் கிழக்குக் கரைக்கு அனுப்ப ஒருவரும் முன்வரவில்லை. 1905இல் பிரித்தானியக் கடற்படையின் செலவுக் குறைப்பில் திருகோணமலைக் கப்பற்கட்டுத்தளமும் மூடப்பட்டது. புகையிரதம் திருகோணமலையை எட்டியது 1927இல்தான். ஒரு பத்திரிகைக் குடும்பம் கொழும்பில் வளர்ந்ததும், அதன் நூல்களில் கிழக்குக் கரை மெலிந்து தெரிவதும் இந்தப் பொருளாதாரத்தின் பக்கவிளைவுகள். தனிப்பட்ட பகையோ வெறுப்போ அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த மெலிவை ஈடுசெய்தவர் டொனால்ட் வில்லியம் பெர்குசன். 1853இல் பிறந்த அவர் தந்தையின் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தார். அன்றாடச் செய்தி அவரைக் கட்டிப்போடவில்லை. 1886இல் ஒப்சேவரின் இணைப்பாக ‘சிலோன் லிட்டரரி ரெஜிஸ்டர்’ தொடங்கியது. பழைய பயணக் குறிப்புகள், ஒல்லாந்தர் கால ஆவணங்கள், ஊர்ப்பெயர் ஆராய்ச்சி, கல்வெட்டுச் செய்தி என்று அதில் வந்தவை நாளிதழ் வாசகர் கேட்டவையல்ல. கோப்பி விலையால் பிழைத்த அச்சகம் இப்படியொரு இதழையும் சுமந்தது என்பதே அதிசயம். பிறகு டொனால்ட் இங்கிலாந்து சென்று குரொய்டனில் வாழ்ந்து, 1910இல் இறக்கும்வரை அங்கிருந்தே இலங்கை வரலாற்றை எழுதினார்.

அவருடைய வேலையின் முறை இதுதான்: மூலமொழியைக் கற்பது, மூலத்தை முழுமையாக மொழிபெயர்ப்பது, ஒவ்வொரு பெயரையும் தேதியையும் அடிக்குறிப்பில் சோதிப்பது. போர்த்துக்கேயர் முதலில் இலங்கையை அடைந்தது 1505இலா 1506இலா என்ற நெடுங்கால வினாவை எடுத்து, ஆவணங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, 1506 என்று வாதிட்டார். ஜொவாவ் டி பாரோஸ், டியோகோ டோ கோட்டோ என்ற இரு போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களின் நூல்களிலிருந்து 1600 வரையான இலங்கைச் செய்திகளை மொழிபெயர்த்து றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் சஞ்சிகையில் ஒரு முழு இலக்கமாக வெளியிட்டார். இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும் அதே சஞ்சிகையில் தந்தார். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டை பிடிபட்ட காலத்துக்கும் அதை அடுத்த இழுபறிக்கும் பின்னணி தேடுவோர் அந்தக் கடிதங்களைத் தவிர்க்க முடியாது. கண்டி மன்னனும் ஒல்லாந்தரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பாமல் நட்பு பேசினார்கள் என்பது அவற்றில் தெரியும்.

ஆனால் டொனால்ட் பெர்குசனின் பெயரைத் திருகோணமலையோடு இணைப்பது றொபேட் நொக்ஸ் பற்றிய அவருடைய ஆய்வு. கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டிவிட்டுத்தான் தப்பியது. மரம் தேடிப் பழுதுபார்க்கவும், அதற்கிடையில் துணி வியாபாரம் செய்யவும் கப்பல் திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் அதில் ஏறி வந்தார்கள் என்பது சோழமண்டலக் கரைக்கும் கொட்டியாரத்துக்கும் இடையே அன்று இருந்த நெருக்கத்தைக் காட்டும். கப்பலின் தலைவர் மூத்த றொபேட் நொக்ஸ். உடன் இருந்த மகனுக்கும் அதே பெயர், வயது 19. ஒல்லாந்தருடனான பகையில் இருந்த இராசசிங்கன், எந்த வெள்ளையரின் கப்பல் வந்தாலும் கவலைப்பட்ட காலம் அது. மன்னனின் திசாவை படையோடு வந்து, கடிதம் தருவதாகச் சொல்லித் தலைவரைக் கரைக்கு வரவழைத்தார். முதலில் தந்தையும், பின்னர் மகனும், படகுகளில் சென்ற மாலுமிகளுமாகப் பதினாறு பேர் 1660இல் பிடிபட்டார்கள். கப்பல் தப்பிவிட்டது. பிடிபட்டவர்கள் மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஊரூராகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். தந்தை 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் இறந்தார்.

மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். தொப்பி பின்னினார், பன்றி வளர்த்தார், நெல் வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தார். அந்த வியாபாரப் பயணங்களே தப்பும் வழியை அவருக்குக் காட்டிக்கொடுத்தன. 1679 ஒக்ரோபரில் தோழர் ஸ்ரீபன் றட்லண்டோடு மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து காட்டைக் கடந்து, மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் விரைவிலேயே ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளுக்குச் சென்றது. கண்டி மக்களின் உழவு, உணவு, திருமணம், நீதி, வரி என்று அது பேசாத பொருள் இல்லை. தப்பிய வழியில் கைலை வன்னியனின் நாட்டைத் தொட்டதால், வன்னித் தமிழ்க் குறுநிலங்களைப் பற்றியும் நேரில் கண்ட குறிப்பு அதில் உண்டு. நொக்ஸ் சொல்வது கைதியின் பார்வை. ஆனால் அவர் கண்டது அரண்மனையை அல்ல, ஊரை. இதனால்தான் அந்த நூலின் மதிப்பு போர்த்துக்கேயத் தளபதிகளின் அறிக்கைகளைவிட உயர்ந்து நிற்கிறது.

1893இல் மூதூரில், நொக்ஸ் பிடிபட்டதாக வழிவழியாகச் சொல்லப்பட்ட புளியமரத்தடியில், ஒரு நினைவுக்கல் நடப்பட்டது. அது வெள்ளைக்காரனின் மரம் என்றும், ‘ஆன்’ கப்பலின் தலைவர் பிடிபட்ட இடம் என்றும் அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். பிடிபட்ட தலைவரையும் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த மகனையும் கல்வெட்டின் வாசகம் ஒருவராகவே ஆக்கிவிட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் தவறுதான். கல் நடப்பட்டதற்குச் சில ஆண்டுகளின் பின், 1896–97இல், டொனால்ட் பெர்குசன் நொக்ஸின் வாழ்க்கை வரலாற்றுக்கான ஆதாரங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். தந்தை எது, மகன் எது, கப்பல் எந்தத் திங்களில் எங்கே இருந்தது, விடுதலைக்குப் பின் நொக்ஸ் கம்பனியின் கப்பல்களில் எங்கெங்கு போனார் என்று ஆவணம் ஆவணமாகப் பிரித்தெடுத்த நூல் அது. நொக்ஸ் தம் கையால் எழுதிச் சேர்த்த தன்வரலாறும் புதிய அதிகாரங்களும் ஒக்ஸ்போர்ட்டின் பொட்லியன் நூலகத்தில் இருந்தன. அவற்றோடு சேர்ந்த பதிப்பு 1911இல் ஜேம்ஸ் றயனால் கிளாஸ்கோவில் வெளியாயிற்று. அதைக் காண டொனால்ட் உயிரோடு இல்லை.

டொனால்ட் பிறந்த அதே 1853இல் திருகோணமலையில் பிறந்து, அவர் இறந்த அதே 1910இல் இறந்தவர் வே. அகிலேசபிள்ளை. கோணேசர் கோயிலைச் சூழ்ந்த மரபுகளை ஏட்டுச் சுவடிகளிலும் செவிவழிச் செய்திகளிலும் தேடி ‘திருக்கோணாசல வைபவம்’ எழுதியவர் அவர். ஒரே குடாவின் வரலாற்றை ஒரே ஆண்டுகளில் இருவர் இரு வேறு பெட்டிகளைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் பெட்டியில் லிஸ்பனிலும் ஹேக்கிலும் எழுதப்பட்ட தாள். மற்றவரின் பெட்டியில் பனையோலை. தாளில் துறைமுகம் என்றால் கோட்டை, கப்பல், கைதி, உடன்படிக்கை. ஓலையில் துறைமுகம் என்றால் மலை, கோயில், மானியம், வன்னிமை, திருப்பணி. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் வேலை அவர்களுடைய காலத்தில் நடக்கவில்லை. பின்வந்த தமிழ் வரலாற்றாசிரியர்களே அதைத் தொடங்கினார்கள். திருகோணமலை அறிஞர் அக்காலத்தில் தமக்குரிய அச்சுக்கூடத்தைக் கொழும்பில் தேடவும் இல்லை. தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவருடைய சகோதரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் சென்னைக்குச் சென்றார்கள். சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் அங்கேயே அச்சாயிற்று. வங்கக் கடலின் அக்கரை, கண்டிக்கு அப்பாலிருந்த கொழும்பைவிட அவர்களுக்குக் கிட்டியதாக இருந்தது.

குடும்பமே ஒரு பத்திரிகையை உடைமையாகவும் ஆசிரியப் பீடமாகவும் வைத்திருக்கும் முறை பெர்குசன்களோடு தொடங்கியதல்ல. இலண்டன் ‘டைம்ஸ்’ வால்ட்டர் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்தது. சென்னையில் 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் வாங்கிய ‘இந்து’ அவர் வழியினரிடமே தங்கியது. கொழும்பிலேயே ஒப்சேவருக்குப் போட்டியாக நின்ற ‘டைம்ஸ் ஒவ் சிலோன்’ கப்பர் குடும்பத்தின் பெயரோடு இணைந்திருந்தது. வேறுபாடு ஒன்று உண்டு. வால்ட்டரும் ஐயங்காரும் சொந்த நாட்டில் சொந்த மக்களுக்கு எழுதினார்கள். பெர்குசன்களின் வாசகர் சிறு தொகையினர், பெரும்பாலும் வந்து போகிறவர்கள். இலங்கையர் தாமே ஆங்கிலப் பத்திரிகை நடத்தும் காலம் வந்ததும் அந்த அடித்தளம் இளகியது.

டி. ஆர். விஜேவர்த்தன 1918இல் ‘டெய்லி நியூஸ்’ தொடங்கினார். 1923இல் ஒப்சேவரும் அவர் கைக்கு வந்தது. லேக் ஹவுஸ் என்று அறியப்பட்ட அவருடைய நிறுவனத்திலிருந்தே 1932இல் ‘தினகரன்’ என்ற தமிழ் நாளிதழ் பிறந்தது. 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’யோடு அதுவும் புகையிரதத்தில் ஏறித் திருகோணமலைக்கு வந்துசேர்ந்தது. 1973இல் லேக் ஹவுஸ் அரசுடைமையாயிற்று. ஒப்சேவரின் பெயர் இன்று ‘சண்டே ஒப்சேவர்’ என்ற ஞாயிறு இதழில் எஞ்சியிருக்கிறது. ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ விவசாயத் திணைக்களத்தின் ஆய்விதழாயிற்று. டொனால்ட் வளர்த்த ‘லிட்டரரி ரெஜிஸ்டர்’ 1931 முதல் 1936 வரை மூன்றாம் வரிசையாக மீண்டும் வெளிவந்தது. டைரக்டரியைப் புதிய உடைமையாளர்களும் தொடர்ந்து பதிப்பித்தார்கள். நாட்டின் பெயர் மாறியபோது தலைப்பில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது, பெர்குசன் என்ற சொல்லை மாத்திரம் அவர்கள் எடுக்கவில்லை.